எண் 41: நிகழ்வு இல்லை

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிட்டேன். இந்தக் கடிதம் முழுவதுமே அந்த விசாரிப்புதான். ஏழு மாதங்களுக்கு முன் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், "பெத்த பிள்ளைய நீங்களே சோதிச்சு, ஆடலாம்னு நீங்களே கையெழுத்துப் போடறது சரியில்ல" என்று நான் சொன்னதும், "பிள்ளை பெத்தவங்க பேசட்டும் மச்சான்" என்று நீங்கள் சொன்னதும் இருவருக்கும் நினைவிருக்கும். அதன்பின் அந்த வாசற்படியை நான் மிதிக்கவில்லை. தொலைபேசியில் என் குரல் கேட்டதும் துண்டிக்கிறீர்கள். ஆய்வுத் திட்டத்தின் மின்னஞ்சலில் எழுதினால் குழுவில் உள்ள அத்தனை பேரும் படிப்பார்கள். எனவே தாளும் மையும்.

பதினொரு கால்பந்துக் கழகங்களின் ஆட்டக்காரர்களுக்கு ஏற்படும் தலையடிகளைப் பதிவு செய்யும் அறையில் நான் எட்டு ஆண்டுகளாகப் பொறுப்பில் இருக்கிறேன். எங்களுக்குப் பெயர்கள் வருவதில்லை, எண்கள்தான் வரும். பெயரைத் தேடமாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்தவன் நான். தேடவும் இல்லை. பெயர் தானாக வந்து எதிரே நின்றது.

எண் 41. பிப்ரவரி 15 ஆட்டம், அறுபத்தேழாம் நிமிடம். பந்தைத் தலையால் முட்ட எழும்பியவன் எதிரணிக்காரனின் முழங்கையில் மோதி விழுந்தான், எழுந்து உட்கார்ந்தான். ஓடி வந்த உங்கள் கழகத்து இயன்முறை மருத்துவர், அவன் பேசியதைப் படிவத்தில் நேர்மையாக எழுதியிருக்கிறார்: "'சுவத்துல சாச்சீங்களா மாமா?' என்று இரண்டு முறை கேட்டார். பொருளற்ற பேச்சு. பத்து நொடி. பின் தெளிவு."

பொருளற்ற பேச்சு அல்ல. என் பழைய ஸ்கூட்டருக்கு நிறுத்துக்கால் உடைந்திருந்தது. அவனைப் பயிற்சிக்கு அழைத்துப்போன நான்கு ஆண்டுகளும் அதைச் சுவரில் சாய்த்துத்தான் நிறுத்தினேன். ஒருமுறை சரியாகச் சாய்க்காமல் விட்டு, அது அவன் காலில் சரிந்தது. அன்று தொடங்கி, மைதானத்துக்குள் நுழையுமுன் நாள் தவறாமல் அவன் கேட்ட கேள்வி அது. வேறு எவனும் வேறு எந்த மாமனிடமும் அதைக் கேட்டிருக்க மாட்டான். இருபத்து மூன்று வயது ஆள், பத்து நொடிகளுக்குத் தன் பத்தாம் வயதுக்குப் போய் வந்திருக்கிறான்.

பழைய தாள்களை எடுத்தேன். செப்டம்பர் 12: பயிற்சியில் சக ஆட்டக்காரனுடன் தலையோடு தலை மோதல், கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், உடை மாற்றும் அறையில் ஒருமுறை வாந்தி. நவம்பர் 30: விழுந்து எழுந்தவன் எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான், எல்லோரும் சிரித்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. மூன்று தாள்களின் அடியிலும் ஒரே முடிவு: நிகழ்வு இல்லை.

ஏனென்றால், நம் வரையறைப்படி மூளை அதிர்வு என்று எண்ண வேண்டுமானால் சுயநினைவு தப்பியிருக்க வேண்டும். அல்லது குழப்பம் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்ததாகப் பதிவாகியிருக்க வேண்டும். அல்லது நல்ல நிலையில் எழுதிய அடிப்படைத் தேர்வின் மதிப்பெண்ணிலிருந்து குறிப்பிட்ட அளவு சரிந்திருக்க வேண்டும். அவன் மூன்றிலிருந்தும் வழுக்கி வெளியே விழுந்திருக்கிறான்.

மார்ச் 29 இறுதி ஆட்டத்தில் அவனை இறக்காதீர்கள். வெளி மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். இதை வரையறைக் குழுத் தலைவரிடம் கேட்கவில்லை. கழக மருத்துவரிடமும் கேட்கவில்லை. அவன் தகப்பனிடம் கேட்கிறேன்.

உங்கள் மனைவியின் அண்ணன்


மார்ச் 8

மச்சானுக்கு,

பங்கேற்பவர் யாரென்று கண்டுகொண்டதை உங்கள் கையெழுத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இதைக் குழுவில் வைத்தால் எட்டு ஆண்டு வேலை எட்டு நிமிடத்தில் போய்விடும். வைக்க மாட்டேன். அந்த அளவுக்கு நான் கெட்டவன் இல்லை.

'நம் வரையறை' என்று எழுதியதற்கு நன்றி. 'உங்கள்' என்று எழுதுவீர்கள் என நினைத்தேன். ஒரு கழகம் ஆள் மயங்கி விழுந்தால்தான் எண்ணியது. இன்னொரு கழகம் தலை வலிக்கிறது என்றாலே எண்ணியது. "யானையையும் பூனையையும் ஒரே தராசுல போட்டு எடை சொல்றீங்க. ஒரே வரையறை வேணும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் மேசையைத் தட்டியவர் யார்? நான் இரண்டு வரைவுகள் கொண்டுவந்தேன். அகலமான வரைவில், அடிக்குப்பின் நடத்தையில் எந்த மாற்றம் தெரிந்தாலும் நிகழ்வு. அதை வைத்துக்கொண்டு இரண்டு பதிவாளர்கள் ஒரே காணொளிகளைப் பார்த்தபோது, நூற்றுக்கு அறுபத்தொன்றில்தான் ஒத்துப்போனார்கள். குறுகிய வரைவில் தொண்ணூற்றாறு. "தொண்ணூத்தாறு! இதுதாங்க அறிவியல்" என்று என் பேனாவையே வாங்கி, குறுகிய வரைவில் முதல் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்.

ஒவ்வொரு அடிக்குப் பின்னும் அவனைச் சோதித்திருக்கிறேன். இருபது சொற்களைப் படித்துக் காட்டி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லவைப்பது, விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொல்வது, எல்லாம். அடிப்படைத் தேர்வில் எடுத்ததையே எடுத்தான். ஒரு மதிப்பெண்கூடச் சரியவில்லை. தகப்பன் என்பதால் ஒன்றுக்கு இரண்டு முறை வைத்தேன்.

நேற்றுச் சாப்பிடும்போது, யார் சொன்னது என்று சொல்லாமல் உங்கள் கவலையை அவனிடம் சொன்னேன். "யாருப்பா, மாமாவா? நான் தும்மினாக்கூட அவருக்குப் புள்ளிவிவரம் வேணுமே" என்று சிரித்தான். உங்கள் தங்கை சிரிக்கவில்லை. "அண்ணன் காரணமில்லாம எழுத மாட்டார்" என்றாள். உங்கள் வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு.

அன்று மேசையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று பலமுறை பேனாவை எடுத்ததுண்டு. உங்கள் கடிதம் அதைத் தள்ளிப்போட்டிருக்கிறது.


மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

கையெழுத்துப் போட்டவன் நான்தான், மறுக்கவில்லை. இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்டினால் நேரம் சரி என்று நம்பியவன் நான். இரண்டும் சேர்ந்து நின்றுபோயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குரிய தண்டனையை நானே பார்த்துக்கொள்வேன். இப்போது உங்கள் கடிதத்தைப் பற்றிப் பேசலாம்.

"ஒரு மதிப்பெண்கூடச் சரியவில்லை." எதிலிருந்து? அடிப்படைத் தேர்வின் தேதியைத் தேடினேன். செப்டம்பர் 21. முதல் அடி விழுந்து ஒன்பதாம் நாள்.

நம் விதி உங்களுக்குத் தெரியும்: பருவத்தில் நிகழ்வு ஏதும் இல்லாத ஆட்டக்காரருக்கு அடிப்படைத் தேர்வைப் புதுப்பிக்கலாம். செப்டம்பர் 12இல் நடந்ததுதான் நிகழ்வு அல்லவே! எனவே புதுப்பித்தீர்கள். பழைய தேர்வு கிடங்குக்குப் போயிற்று. கிடங்கின் சாவி என்னிடம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவன் இருபது சொற்களில் பதினேழைத் திருப்பிச் சொன்னான். செப்டம்பர் 21இல் பதினொன்று. நவம்பரில் பதினொன்று. பிப்ரவரியில் பதினொன்று. விரிசல் விட்ட பானையை அளந்து குறித்துக்கொண்டு, 'ஒவ்வொரு முறையும் அதே அளவு தண்ணீர்தான் கொள்கிறது, ஆகவே பானைக்கு ஒன்றுமில்லை' என்று கையெழுத்திட்டு வந்திருக்கிறீர்கள்.

அந்தப் பதினேழு உங்களுக்குத் தெரியாததா? அந்தத் தேர்வை வைத்தவரும் நீங்கள்தானே? பதில் எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் தனி ஆளும் அல்ல. தலையில் அடிபட்டு, 'நிகழ்வு இல்லை' என்று தாள் எழுதப்பட்டு, ஒரு மாதத்துக்குள் அடிப்படை புதுப்பிக்கப்பட்டவர்கள் பதினொரு கழகங்களிலும் சேர்த்து ஐம்பத்தெட்டுப் பேர். மூளை அதிர்வுகள் முந்தைய ஆண்டைவிடப் பாதியாகக் குறைந்துவிட்டன என்று நம் ஆண்டறிக்கை மார்தட்டுகிறது. அந்த வரைபடத்தை வரைந்தவன் நான். கீழே இறங்கும் கோட்டுக்குப் பச்சை நிறம் கொடுத்தவனும் நான்தான்.

அவனை நிறுத்துங்கள்.


மார்ச் 16

மச்சான்,

நேற்றுக் காலை அவனைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, கழகத்தின் தாளைத் தொடாமல், நானே புதிதாக இருபது சொற்கள் எழுதிப் படித்துக் காட்டினேன். பத்து நிமிடம் கழித்துக் கேட்டேன். ஒன்பது சொன்னான். அதில் இரண்டு நான் படிக்காதவை. "பாடம் படிக்காம பரீட்சைக்கு வந்துட்டேன்பா" என்று சிரித்தான். அடுப்படியில் நின்ற உங்கள் தங்கை பதினாறு சொன்னாள். அவளை யாரும் கேட்கவில்லை.

பதினேழு எனக்கு நினைவிருந்தது. செப்டம்பரில் பதினொன்று வந்தபோது, சரியாகத் தூங்கியிருக்க மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் வேண்டாம் என்ற பதில் இதுதான்.

ஆடாதே என்றேன். "ஏன்?" என்றான். தலையில் அடிபட்டிருக்கிறது என்றேன். எழுந்துபோய் நம் வரையறைப் புத்தகத்தை எடுத்துவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் போட்டான். "நீங்க எழுதினதுதானே இது? இதுல நான் எங்க இருக்கேன், காட்டுங்கப்பா." பக்கங்களைப் புரட்டினேன். காட்ட முடியவில்லை. பயிற்சியாளரிடம் போனேன். அவரும் அதையே கேட்டார்: "டாக்டர், எந்த விதின்னு சொல்லுங்க, எழுதிக்கறேன். உங்க பையன்கிறதுக்காக நிறுத்தினேன்னு எழுத முடியாதே?" வெளி மருத்துவரிடம் வரமாட்டேன் என்கிறான். காய்ச்சல், தசைப்பிடிப்பு என்று நான் ஏதாவது கதை கட்டினால், கழகத்தின் இன்னொரு மருத்துவரிடம் போவேன் என்கிறான். அவரும் செப்டம்பர் 21 தாளைத்தான் எடுத்துப் பார்ப்பார்.

குழு ஏப்ரல் பத்தாம் தேதிதான் கூடுகிறது. வழி ஒன்றுதான் இருக்கிறது, அது உங்கள் கையில் இருக்கிறது. பிப்ரவரி 15 தாளில் உள்ள பத்து நொடி, உங்கள் அறைப் பதிவில் எழுபது நொடியானால் அது நிகழ்வாகிவிடும். நிகழ்வு என்று உங்கள் அறையிலிருந்து அறிவிப்பு வந்தால், அது வந்த நாளிலிருந்து இருபத்தொரு நாள் விலக்கு. நானோ, பயிற்சியாளரோ, அவனோ அதை அசைக்க முடியாது.

ஓர் எண்ணை மாற்றச் சொல்கிறேன். மருத்துவன் கேட்கக் கூடாத கேள்வி. நீங்கள் தகப்பனிடம் கேட்டீர்கள். தகப்பன்தான் உங்களிடம் கேட்கிறான்.


மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

முடியாது.

அதே காணொளியை இரண்டாம் பதிவாளரும் பார்த்துப் பத்து நொடி என்று எழுதியிருக்கிறார். இரண்டு பதிவுகள் ஒத்துப்போகாவிட்டால் தணிக்கை திறக்கும். திறந்ததும் கண்ணில் படப்போவது, பொறுப்பில் இருந்தவன் தன் தங்கை மகனுக்காகச் செய்த மோசடி. அதன்பின் நான் நீட்டும் பட்டியலை எவன் படிப்பான்? மற்ற ஐம்பத்தேழு பேருக்கான சாட்சியம் அந்த ஒரு திருத்தத்தில் செத்துப்போகும்.

வேறு வழி இல்லை என்பது உண்மையன்று. உங்களுக்குப் பிடிக்காத வழி ஒன்று இருக்கிறது. வரையறையை எழுதியவர் நீங்கள். பதினொரு கழக மருத்துவர்களுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: நான் எழுதிய வரையறை தவறு, தலையடிக்குப் பின் புதுப்பிக்கப்பட்ட அடிப்படைத் தேர்வுகளை நம்பாதீர்கள், இந்த ஐம்பத்தெட்டு எண்களையும் களத்துக்கு வெளியே வையுங்கள். பட்டியல் இத்துடன் இருக்கிறது. மருத்துவர் மருத்துவருக்கு எழுதும் எச்சரிக்கைக்குக் குழு கூட வேண்டியதில்லை. நான் எழுதினால் அது குமாஸ்தாவின் புலம்பல். நீங்கள் எழுதினால் ஒரே நாளில் ஐம்பத்தெட்டுப் பேரும் நிற்பார்கள். உங்கள் மகனும் நிற்பான்.

எரிகிற வீட்டிலிருந்து உங்கள் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு பின்வாசலால் ஓடப் பார்க்கிறீர்கள். தகப்பன் அப்படித்தான் ஓடுவான், அதில் குற்றமில்லை. ஆனால் தீ வைத்தவனும் அப்படி ஓடக் கூடாது. பிள்ளை பெற்றவர்கள் பேசட்டும் என்றீர்கள். அந்த ஐம்பத்தேழு பேரையும் யாரோ பெற்றிருக்கிறார்கள்.


மார்ச் 22

மச்சான்,

நான்கு முறை எழுதினேன். நான்கையும் கிழித்தேன். 'நான் எழுதிய வரையறை தவறு' என்று முதல் வரியை முடித்ததும், ஆடலாம் என்று நான் கையெழுத்திட்ட ஒவ்வொரு முகமும் வரிசையில் வந்து நிற்கிறது. போன ஆண்டு ஓய்வுபெற்ற எங்கள் கோல்காப்பாளர், தான் குடியிருக்கும் தெருவை மற்றவர்களிடம் வழிகேட்டு அலைவதாகக் கேள்விப்பட்டேன். அவருடைய தாள்களும் 'நிகழ்வு இல்லை'தான். முதல் வரி அது என்றால், கடைசி வரி எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் பத்தில் குழுவில் பேசுகிறேன். சத்தியமாகப் பேசுகிறேன்.

உங்கள் தங்கை பை எடுத்து வைத்திருக்கிறாள். நான் அனுப்பவில்லை.


மார்ச் 25

மாப்பிள்ளைக்கு,

செய்துவிட்டேன்.

தங்கை நேற்று வந்தாள். பதிவு அறையில், காணொளி பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை, அழுதிருந்தால் நான் உறுதியாக இருந்திருப்பேன். "அண்ணா, நான் கெஞ்ச வரல. போன வாரம் கடைக்குப் போய்ட்டு வந்தவன் வாசல்லயே நிக்கறான். 'அம்மா, நம்ம வீட்டுக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா?'ன்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். நானும் சிரிச்சுக்கிட்டேதான் திறந்துவிட்டேன். நீங்க எல்லாரையும் காப்பாத்துங்க, வேண்டாங்கல. அவங்கள்ல இவன முதல்ல காப்பாத்துங்க. பாவம்னா அது எனக்கு வரட்டும்." தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

இன்று முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு, எண் 41, பிப்ரவரி 15, பத்து நொடியை எழுபது ஆக்கினேன். நண்பகலில் உங்கள் கழகத்துக்கு அறிவிப்புப் போயிற்று. அவன் ஆட மாட்டான். என்னைச் சபிப்பான், சபிக்கட்டும். மாமன்தான் செய்தான் என்று சொல்லிவிடுங்கள்.

மாலை நான்கு மணிக்கு இரண்டாம் பதிவாளர் என் மேசைக்கு வந்தார். ஓய்வுபெற இன்னும் ஓராண்டு இருக்கும் அம்மையார். இத்தனை காலத்தில் ஒரு தாளைக்கூட அவசரமாக எழுதியவர் அல்ல. "சார், நாப்பத்தொண்ணுல எனக்குப் பத்துதான் வருது. நான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன் போல. மறுபடி பாக்கட்டுமா?" என்றார். பாருங்கள் என்றேன். பார்ப்பார். அடுத்த வாரம் இந்த நாற்காலியில் நான் இருக்க மாட்டேன். என் பட்டியல் இனி மோசடிக்காரனின் பட்டியல். உங்கள் கடிதம் ஒன்றுதான் மிச்சம்.

இன்னொன்று. உங்கள் அணியில் உங்கள் மகன் ஆடும் நடுத் தற்காப்பு இடத்துக்கு மாற்று ஆள் ஒருவன்தான் இருக்கிறான். பெயர் எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். எனக்கு அவன் எண் 17. நான் அனுப்பிய பட்டியலில் மூன்றாவது வரி. அக்டோபர் 3இல் அடி. பதினாறு நாள் கழித்து அடிப்படை புதுப்பிக்கப்பட்டது. சொற்கள் பதினைந்திலிருந்து பத்துக்கு இறங்கின. உங்கள் மகன் ஆடாவிட்டால் அவன்தான் ஆடுவான். ஒருவனைக் கிணற்றிலிருந்து தூக்கி, அதே கையால் இன்னொருவனை உள்ளே தள்ளியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஆள் மூலம் அனுப்புகிறேன். உங்களுக்குப் போதிய நேரம் இருக்கிறது. எழுதுங்கள். எழுதக் கை வராவிட்டால், அவனுக்குக் கையெழுத்துப் போடாமலாவது இருங்கள்.


மார்ச் 28

மச்சான்,

அவன் அறையைத் தாழிட்டுக்கொண்டிருக்கிறான். உங்கள் தங்கை கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் அந்த வழியாகப் போனால் கால்களை மடக்கி இடம் விடுகிறாள்.

உங்கள் கடிதமும் பட்டியலும் என் சட்டைப்பையில் இருந்தன. இன்று காலை எண் 17 சோதனைக்கு வந்தான். பயிற்சியாளர் வாசலில் கைகட்டி நின்றார். இருபது சொற்களைப் படித்தேன். பத்து நிமிடம் கழித்துப் பத்து சொன்னான். அவனுடைய அடிப்படை பத்து. பொத்தானைச் சரியாக அழுத்தினான். புத்தகத்தை எடுத்து, தெரிந்த பக்கங்களையே ஒருமுறை புரட்டினேன். "என்ன டாக்டர், எல்லாம் சரிதானே?" என்றார் பயிற்சியாளர். உங்கள் பட்டியலை வெளியே எடுக்கக் கையைப் பைக்குள் விட்டேன். பேனாதான் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பயிற்சியாளர் போய்விட்டார். அவன் எழுந்து, "டாக்டர், நாளைக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்றான். நாலு மணி என்றேன். கதவு வரை போய்த் திரும்பி, "எத்தனை மணின்னு சொன்னீங்க?" என்றான். நாலு என்றேன். குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான். நிமிர்ந்து, மிகவும் மரியாதையாக, மூன்றாம் முறை கேட்டான்.

நாலு மணி என்று ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுத்தேன்.